அறுபத்திரண்டாம் புள்ளி

எங்கள் ஆய்வகத்தில் சேருகிற எவரும் முதல் வாரமே இரண்டு எண்களை மனப்பாடம் செய்துவிட வேண்டும். எண்ணூற்று இருபத்தெட்டு, இருநூற்று ஏழு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்பார் எங்கள் பேராசிரியர் தாங் சார். தைவானில் ஒரு காலத்தில் தீவின் நடுவே ஒரு குன்றின்மேல் கல் நட்டு, அங்கிருந்து எல்லா நிலத்தையும் அளந்தார்கள். பிறகு செயற்கைக்கோள் வந்தது, கணக்கு மாறியது. பழைய கணக்குக்கு அறுபத்தேழு என்று பெயர், புதியதற்குத் தொண்ணூற்றேழு. அதே மரம், அதே பாறை, ஆனால் இரண்டு முகவரி. பழைய முகவரியை மாற்றாமல் புதிய வரைபடத்தில் வைத்தால், மரம் எண்ணூற்று இருபத்தெட்டு மீட்டர் மேற்கேயும் இருநூற்று ஏழு மீட்டர் வடக்கேயும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மலையேறப் போகிற கிழவர்களுக்குக்கூட இது தெரியும்.

நான் வெய் சாய்லிங். புவியியல் தகவல் முறையில் முதுகலை இரண்டாம் ஆண்டு. அந்த இரண்டு எண்களையும் மறந்துபோனவள் என்று என்னைப் பற்றி இப்போது ஆய்வகத்தில் சொல்கிறார்கள். அதுவும் பொய். ஞாபகம் இருந்தது. சரிபார்க்கத்தான் சோம்பல்.

என் ஆய்வேடு நிலச்சரிவைப் பற்றியது. ஒரு மலைப் பள்ளத்தாக்கில் முன்பு எங்கெங்கே மண் சரிந்தது என்று தெரிந்தால், இனி எங்கே சரியும் என்று கணக்குப் போட்டு, வரைபடத்தில் சிவப்பும் பச்சையும் அடிக்கலாம். பழைய சரிவுகளைப் பற்றி வனத்துறை அட்டைகள் அறுபத்தொன்று இருந்தன. நாற்பது ஐம்பது வருடங்களுக்கு முன் யாரோ மலையெல்லாம் நடந்து எழுதியவை. அவற்றை யாரோ கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து ஒரு அட்டவணையாக்கி எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். எந்தக் கணக்கு என்று அதில் எழுதவில்லை. கம்ப்யூட்டரில் வந்ததால் மாற்றித்தான் அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

“முதல்ல ஒரு பாலத்தையோ பள்ளிக்கூடத்தையோ வெச்சுப் பாரு, அது அதோட எடத்துல விழுந்தா மத்ததை வை” என்பது சாரின் விதி. அன்றைக்கு மதியக் கூட்டம் இருந்தது, சாப்பாட்டுப் பெட்டிகள் வந்துவிட்டன, பன்றித் தொடை ஆறிக்கொண்டிருந்தது. நான் எந்தப் பாலத்தையும் வைத்துப் பார்க்கவில்லை. அறுபத்தொரு புள்ளிகளும் மலையில்தான் விழுந்தன. மலையில் விழுந்தது போதும் என்று பெட்டியைத் திறந்தேன்.

பிப்ரவரியில் அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் தாலுனாஸுக்குப் போனேன். பன்னிரண்டு வீடுகள் உள்ள புனுன் பழங்குடி ஊர். தக்காளிக் கூடாரங்கள், மேற்கே ஒரு ஓடை, ஒரு பள்ளிக்கூடம், நடந்தால் முக்கால் மணி நேரம் கீழே ஒரு தேவாலயம். புயல் வந்தால் ஊர் எங்கே ஒதுங்குவது, பள்ளிக்கூடத்திலா, தேவாலயத்திலா என்று மாவட்ட அலுவலகம் எங்கள் ஆய்வகத்தைக் கேட்டிருந்தது. என் வரைபடம்தான் அதற்குப் பதிலாகப் போகிறது.

ஊர்த்தலைவர் ஹூசுங் என்னை அழைத்துக்கொண்டு சுற்றினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாயில் எந்நேரமும் பாக்கு.

“ஏம்மா, பட்டணத்துல மலைக்குப் படிப்பு வேற இருக்கா?”

“மலைக்கு இல்லண்ணே, வரைபடத்துக்கு.”

“அப்ப சரி. மலைக்குப் படிப்பு சொல்லித்தர்ற அளவுக்கு அங்க யாருக்கும் கெட்டிக்காரத்தனம் கிடையாது.”

பள்ளிக்கூட வேலிக்குப் பின்னால் நாணல் மண்டிய ஒரு மேட்டில் நின்றார். பாக்கை வெளியே துப்பினார்.

“இதுதான் எங்கப்பா வீடு. எனக்கு ஆறு வயசு. மேலேருந்து மலை இறங்கிச்சு. வீடு, பன்னி, எங்கப்பா எல்லாம் உள்ள போயாச்சு. நானும் எங்கம்மாவும் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம்.”

நான் ஜிபிஎஸ் கருவியை அந்த இடத்தில் வைத்து அளந்தேன். என் கையால் அளந்த ஒரே சரிவு அது. அறுபத்திரண்டாம் புள்ளி என்று குறித்துக்கொண்டேன்.

“எங்கப்பா பேரை எழுதிக்கிட்டியா?”

“பேரெல்லாம் தேவையில்லண்ணே.”

“எழுதும்மா. தியாங்னு எழுது. இங்கதான் கல்லுகூட இல்ல, உன் கம்ப்யூட்டர்லயாவது இருக்கட்டும்.”

குறிப்புப் பத்தியில் தியாங் என்று எழுதினேன். அன்று மதியம் அவர் மனைவி இபு காட்டுப்பன்றி எலும்பும் பட்டாணியும் போட்டுக் காய்ச்சிய குழம்பை இரண்டு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தார். “இவ்ளோ ஒல்லியா இருந்தா காத்துல பறந்துடுவே, அப்புறம் உன்னை எந்தப் படத்துல தேடுறது?” என்றார்.

பட்டணத்துக்குத் திரும்பிக் கணக்கை ஓட்டினேன். பழைய சரிவுகளோடு என் வரைபடம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான மதிப்பெண் எண்பத்தைந்து வந்தது. நூற்றுக்கு எண்பத்தாறு வந்தால்தான் மாநாட்டுக்கு அனுப்பலாம் என்று சார் சொல்லியிருந்தார். பெங் அண்ணா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். முனைவர் பட்டத்துக்கு ஆறாவது வருடமாக ஆய்வகத்தில் குடியிருப்பவர். எங்கள் பெரிய கம்ப்யூட்டர் அடம்பிடிக்காமல் ஓட வேண்டும் என்று அதன் தலையில் பச்சைத் தின்பண்டப் பொட்டலம் வைப்பது அவர் பொறுப்பு. தீவில் எல்லா ஆய்வகத்திலும் அப்படித்தான். பொட்டலம் பச்சையாகத்தான் இருக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது.

“இந்த அறுபத்திரண்டு என்னது? மத்ததெல்லாம் ஓடைக்கு மேற்க இருக்கு, இது மட்டும் தனியா கிழக்குல நின்னுட்டு முறைக்குது.”

“ஊர்த்தலைவர் காட்டினார். அவர் அப்பா அங்கதான்...”

“ஆறு வயசுப் பையனோட ஞாபகம். அறுபத்தொரு அட்டை ஒண்ணு சொல்லுது, ஒத்த ஆளு ஒண்ணு சொல்றான். ஒட்டாத புள்ளி. தூக்கிடு.”

தூக்கினேன். எண்பத்தாறு வந்தது. அந்த ஒரு எண் கூடினதற்குப் பெங் அண்ணா எனக்கு ஜவ்வரிசி முத்துப் போட்ட பால் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

மார்ச்சில் தேவாலயத்தில் ஊர்க்கூட்டம். திரையில் என் வரைபடம். பள்ளிக்கூடத்துச் சரிவு முழுக்கப் பச்சை, ஓடைக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத மலை முழுக்கச் சிவப்பு. ஹூசுங் எழுந்தார்.

“அந்தப் பச்சையிலதான் எங்கப்பா இருக்காரு.”

“அறுபத்தொரு பதிவுல ஒண்ணுகூட அந்தச் சரிவுல இல்லண்ணே” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

அவர் சிரித்தார். “அறுபத்தொண்ணு பேருக்கு எதிர்ல நான் ஒருத்தன். எனக்கு எங்கம்மா சொன்னது தெரியும், இந்தப் பொண்ணுக்குக் கணக்கு தெரியும். சரி, பள்ளிக்கூடமே இருக்கட்டும்.” ஏப்ரலில் பள்ளிக்கூடச் சுவரில் அடைக்கலப் பலகையை நான்தான் ஏறி மாட்டினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டவர் அவர்.

ஜூலை முதல் வாரம் வாய்மொழித் தேர்வு முடிந்தது. தேறிவிட்டேன். ஆகஸ்ட் முதல் தேதி ஒரு பொறியியல் நிறுவனத்தில் வேலை காத்திருந்தது. அச்சுக்குப் போகும் முன் ஆய்வேட்டின் பின்னிணைப்புக்கு வனத்துறை அட்டைகளின் நகல்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். அது செவ்வாய்க்கிழமை மதியம். பதினேழாம் அட்டையில் சேதம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: வீடு ஒன்று, மரணம் ஒன்று.

வரைபடத்தில் பதினேழைப் பார்த்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம், செங்குத்துப் பாறை. ஆடுகூட அங்கே நிற்காது. அங்கே யார் வீடு கட்டினார்கள்?

நோட்டை எடுத்தேன். தூக்கியெறிந்த அறுபத்திரண்டாம் புள்ளியை மறுபடி வைத்து, பதினேழிலிருந்து ஒரு கோடு இழுத்தேன். எண்ணூற்று ஐம்பத்து மூன்று மீட்டர். எண்ணூற்று இருபத்தெட்டு கிழக்கே, இருநூற்று ஏழு தெற்கே போனால் நேர்க்கோட்டில் அவ்வளவுதான் வரும். அறுபத்தொரு புள்ளிகளையும் ஒரே அழுத்தில் நகர்த்தினேன். ஒன்பது புள்ளிகள் வந்து பள்ளிக்கூடத்துச் சரிவில் வரிசையாக உட்கார்ந்தன. பதினேழு, ஹூசுங்கின் அப்பா வீட்டிலிருந்து இருபது மீட்டரில் நின்றது. அறுபத்திரண்டு புள்ளிகளில் சரியான இடத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் ஒட்டவில்லை என்று அழித்திருக்கிறேன்.

பெங் அண்ணாவிடம் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. பிறகு கம்ப்யூட்டர் தலையில் இருந்த பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“இது மே மாசமே காலாவதி. அதான்.”

அந்த நேரத்தில் ஒரு மனிதன் அப்படி ஜோக்கடிப்பான் என்று நான் நினைக்கவில்லை. அவரை அறையலாம் போல இருந்தது.

“புயல் கிளம்பியிருக்குண்ணா.”

“அது ஜப்பான் பக்கம் போகுது. இப்ப சார்கிட்ட வெறுங்கையோட போய் நின்னா, தேர்வையே ரத்து பண்ணுவாங்க. முதல்ல படத்தைச் சரியாப் போடு. தப்பையும் திருத்தத்தையும் ஒண்ணா கொண்டு போய் வை. ரெண்டு நாள் வேலை.”

அவர் சொன்னதால்தான் காத்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே நானும் அதையேதான் யோசித்திருந்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். சாரின் முகத்துக்குப் பயந்தேன். அந்தத் தேவாலயத்தில் எழுந்து நின்ற மனிதருக்குப் போன் செய்து, நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயந்தேன். தொலைபேசி என் மேசைமேலேயே இருந்தது.

புதன்கிழமை முழுக்கக் கணக்கை ஓட்டினேன். சாயங்காலம் புயல் எங்கள் தீவுப் பக்கம் திரும்பிவிட்டது என்று செய்தி வந்ததும் ஆய்வகத்தில் கைதட்டினார்கள், மறுநாள் புயல் விடுமுறை கிடைக்குமா என்று பந்தயம் கட்டினார்கள். நான் தலை நிமிரவில்லை. வரைபடத்தில் பள்ளிக்கூடம் சிவந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை விடுமுறை. மதியம் மழையில் சார் வீட்டுக்கே போனேன். இரண்டு வரைபடங்களையும் மேசையில் விரித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“எப்பப் பாத்தே?”

“இன்னைக்குக் காலையிலதான், சார்.”

வாய் தானாகவே சொல்லிவிட்டது. அவர் திட்டவில்லை. “மாவட்ட ஆபீசுக்கு நான் பேசறேன். அவங்க கூட்டம் போட்டுத்தான் அசைவாங்க. நீ ஊருக்கு நேரா போன் பண்ணு. இப்பவே பண்ணு” என்றார். அப்போது மணி இரண்டு.

மூன்றாவது முறைதான் ஹூசுங் எடுத்தார். பின்னால் குழந்தைகளின் சத்தம்.

“யாரு, நம்ம கணக்குப் பொண்ணா? எல்லாரும் பள்ளிக்கூடம் வந்தாச்சும்மா. முப்பத்தஞ்சு பேரு. மெத்தை எல்லாம் போட்டாச்சு, உன் பலகைக்குக் கீழதான் நிக்கறேன்.”

“அண்ணே, அங்க இருக்காதீங்க. தேவாலயத்துக்குப் போயிடுங்க. நான் தப்பாப் போட்டுட்டேன். உங்கப்பா இருந்த எடம்தான் சரி. நீங்க சொன்னதுதான் சரிண்ணே.”

“அடப்பாவிப் பொண்ணே” என்றார். கோபம்கூட இல்லை அதில். பிறகு போனைப் பிடித்தபடியே புனுன் மொழியில் யாரையோ கூப்பிட்டுக் கத்த ஆரம்பித்தார்.

ஊரில் ஓடுகிற நிலையில் ஒரே ஒரு சின்ன லாரி. பாதை ஏற்கெனவே சேறாகியிருந்தது, அந்தக் காற்றில் நடந்து இறங்க முடியாது, வண்டி ஒரு தடவை போய்வரவே ஒரு மணி நேரம் ஆனது. முதல் நடையில் குழந்தைகள், அடுத்ததில் பெண்கள், அதற்கடுத்து நடக்க முடிந்த பெரியவர்கள். ஒவ்வொரு நடைக்கும் வண்டியை ஓட்டியவர் ஹூசுங். ஐந்து மணிக்குக் கடைசி நடைக்குத் திரும்பிப் போனார். படுத்த படுக்கையாக இருந்த இருவர், அவர்களோடு தங்கிவிட்ட செவிலி ஒருத்தி, மூன்று பேரை ஏற்ற வேண்டியிருந்தது. ஐந்தே காலுக்கு மலை இறங்கியது. லாரியைப் பிறகு தோண்டியெடுத்தபோது பின்கதவு திறந்திருந்ததாம், மெத்தை பாதி ஏற்றியிருந்ததாம்.

செத்தது நால்வர். பிழைத்தது முப்பத்தொருவர். பத்திரிகைகளுக்கு முப்பத்தொன்றுதான் பிடித்தது. “மாணவியின் ஒரு போன், முப்பத்தொரு உயிர்” என்று போட்டார்கள். தவறைக் கண்ட சில மணி நேரத்துக்குள் தயங்காமல் ஒப்புக்கொண்ட நேர்மை என்று தலையங்கம்கூட வந்தது. வேலை தருவதாகச் சொன்ன நிறுவனம் பூங்கொத்து அனுப்பியது. சார் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டாவது வரைபடம் ஒரு காலையில் போடக்கூடியது இல்லை என்று அவருக்குத் தெரியாதா? அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

“அப்படியே விட்டுடு. இப்ப சொல்லி யாரு எழுந்து வரப்போறாங்க?” என்றார் பெங் அண்ணா.

பன்னிரண்டு நாள் கழித்துப் பாதை திறந்தது. தேவாலயத்தில் எனக்கு மாவட்டத்தின் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டது. ஊர்ப் பிள்ளைகள் பாடினார்கள். பிழைத்த ஒரு பெரியவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

விழா முடிந்ததும் பள்ளிக்கூடம் இருந்த இடத்துக்கு ஏறினேன். புதுச் சரிவை அளந்து வர வேண்டும், ஆய்வேட்டுக்கு அது வேண்டும் என்று துறையில் சொல்லியிருந்தார்கள். பச்சை மண் வாடை இன்னும் போகவில்லை. நாணல் மேடு இல்லை, வேலி இல்லை, பலகை இல்லை. இபு எனக்கு முன்னாலேயே வந்து ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“அளக்கத்தான வந்தே? அள.”

அளந்தேன்.

“அவரு அப்பா பேரை எழுதினியாமே, அது இருக்கா?”

“அழிச்சுட்டேன் அக்கா. அந்தப் புள்ளியையே அழிச்சுட்டேன். திரும்ப எழுதியிருக்கேன்.”

“அப்ப இவர் பேரையும் அதுக்குக் கீழ எழுதிடு. ரெண்டு பேரும் கிட்டக்கிட்டதான் இருக்காங்க.”

எழுதினேன். அவர் என் கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார். படிக்க முயலவில்லை.

“வண்டியை எடுக்கப் போறப்ப என்கிட்ட சொன்னாரு. அந்தப் பொண்ணை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது, தெரிஞ்ச உடனே கூப்பிட்டுச்சு, மனசு நல்ல மனசுன்னு. நானும் ஊர்ல எல்லார் கிட்டயும் அதையேதான் சொல்லிட்டு இருக்கேன்.”

நான் குனிந்து கருவியைப் பைக்குள் வைத்தேன், வெளியே எடுத்தேன், மறுபடி வைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

சாரிடம் சொன்ன பதில் நாக்கில் தயாராக இருந்தது. ஊரெல்லாம் நம்பிய பதில். பத்திரம்கூட அதைத்தான் சொன்னது. அதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார், நானும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

“செவ்வாய்க்கிழமை. மத்தியானம்.”

அவர் திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்று இருந்தது. அவர் விரல்விட்டு எதையோ எண்ணினார். வியாழன், புதன், செவ்வாய்.

“செவ்வாய்க்கிழமை நல்ல வெயிலு” என்றார். “லாரி சும்மாதான் நின்னுச்சு. அவருக்கும் அன்னைக்கு வேலை ஒண்ணும் இல்ல. நாளெல்லாம் வாசல்ல பாக்கு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு.”